பெயர் சொல்லாத பேய்

தாரண வருஷத்துப் பஞ்சாங்கம் (1944–45), என் தந்தை ஓரங்களில் எழுதிய குறிப்புகளோடு என்னிடம் இருக்கிறது. ஆனி மாதத்தில், 'பெரியவன் கிணற்றில் தவறி விழுந்தான். காலில் அடி.' ஆடியில், 'மகளுக்குக் காற்றுச் சேஷ்டை. பூசாரி வந்தார்.' இரண்டுக்கும் நடுவில் கடலைக்கொல்லைக்கு மழை பெய்த செய்தி. ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்குக் கடைசிப் பெண்.

அண்ணனுக்குப் பதினேழு. புதுக்கோட்டையில் படித்துத் தேறாமல் திரும்பியவன். எனக்கு நீச்சல் சொல்லித் தந்ததே அந்தக் கிணற்றில்தான். அவனைத் தூக்கி வந்து போட்டதும் சித்தப்பா சிரித்தார்.

"ஆம்பளப் பயலுக்குக் கால் இடறுறதெல்லாம் ஒரு சேதியா? கோழிச் சாறு வச்சுக் குடுங்க."

கொடுத்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்குப் பதினைந்து. மனைவியை இழந்த கறம்பக்குடி மாமாவுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மாட்டேன் என்று இரண்டொரு முறை சொன்னாள்; பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆடியில் ஒரு நாள் அவள் கையில் காயங்களைப் பார்த்தார் அம்மா. அவளே உண்டாக்கிக்கொண்டவை. அரிமளத்திலிருந்து பூசாரியை அழைத்து வந்தார்கள்.

வாசல் நிறையக் கூட்டம். உடுக்கையை நிறுத்திப் பூசாரி கேட்டார்: "யாரு நீ?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"இந்த வீட்டுப் பொண்ணு. மாமாவக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னேன்ல, அவதான்."

"வெவரமான பேயால்ல இருக்கு" என்றார் பூசாரி. கூட்டம் சிரித்தது. வேப்பங்குலையால் அடி விழுந்தது. மறுபடி அதே கேள்வி, அதே பதில்.

காலில் கட்டோடு தூணைப் பிடித்து நின்ற அண்ணன் சொன்னான்: "பேயெல்லாம் இல்லங்க. அவதான் பேசுறா."

"ஒனக்கென்னடா தெரியும்? அங்கிட்டுப் போ" என்றார் அப்பா.

அண்ணன் நொண்டிக்கொண்டே மாட்டுக்கொட்டகைக்குப் போனான். கடைசியில் அக்கா, பிரசவத்தில் இறந்துபோன அடுத்த தெருப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். எல்லோருக்கும் நிம்மதி. அவள் தலைமுடியில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டுப் பூசாரி புறப்பட்டார்.

நான் கொட்டகைக்குப் போனேன். "அண்ணே, பேயில்லன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "தெரியும் புள்ள. நீ போய்ச் சாப்புடு."

போய்ச் சாப்பிட்டேன்.

பேய் பிடித்த பெண் என்று மாமா தயங்கி, வேறிடத்தில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அக்காவைத் தனியே விடவில்லை. படுக்கும்போதும் அம்மா பக்கத்திலேயே இருந்தார். அவளுடைய வார்த்தையை நம்பாதவர்கள், அவள் சொன்ன பொய்ப் பெயரை நம்பிக் காவல் இருந்தார்கள். அவள் பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஆண்பிள்ளைக்கு யாரும் காவல் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு பார்த்திப. அந்தப் பஞ்சாங்கத்திலும் ஆனி மாதத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது: 'பெரியவன் கிணற்றில் தவறி விழுந்து இறந்தான்.' ஊரில் பழைய ஆட்களிடமெல்லாம் விசாரித்தேன், யாரும் பார்க்கவில்லை. தவறி விழுந்தான் என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.