பெயர் ஒரே முறை வந்த கடிதம்

1964ஆம் வருஷம். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலில் சிதம்பரம் போய், அண்ணாமலை நகரில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ரயிலில் பழைய ஆங்கில நாவல்களைப் படிப்பேன். வகுப்பில் யாருக்கும் தெரியாத சொல்லாகப் பார்த்து நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தார். ஐந்து மாதமாக அவரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஒருநாள் கம்பெனி விலாசத்தோடு அக்கா என்னிடம் வந்தார்.

“புள்ளைங்க அத்தா எப்படி இருக்காருன்னு கேட்டு இங்கிலீஷ்ல எழுதிக் குடு தங்கச்சி. நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே.”

இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். நோட்டிலிருந்த சொற்களில் பாதியை அதில் இறக்கிவிட்டேன். கம்பெனியின் பெருமை, முதலாளியின் கருணை, பிரிவின் துயரம் என்று நாவலில் வரும் சீமாட்டி எழுதுவதுபோல இருந்தது. படித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கம்பெனியைப் பாராட்டியதற்கு நன்றி என்று இரண்டே வரி.

தமிழில் சொன்னேன். அக்கா கேட்டார்.

“நீ எழுதுன கடுதாசியில புள்ளைங்க அத்தா பேரு எத்தினி எடத்துல வந்துச்சு?”

“ஒரு எடத்துலதான் அக்கா. கடைசிப் பக்கத்துல.”

திட்டுவார் என்று நினைத்தேன். “செரி, பேனாவ எடு. இந்த வாட்டி நான் சொல்றத மட்டும் எழுது” என்றார்.

கணவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், வேலைக்குச் சேர்ந்த வருஷம். பிறகு, “உசுரோட இருக்காரான்னு கேளு” என்றார். என் பேனா நின்றுவிட்டது.

“எழுது தங்கச்சி. அதக் கேக்கத்தான் ஒன்னத் தேடி வந்தேன்.”

சின்னப் பிள்ளைகூட எழுதக்கூடிய ஆங்கிலம் அது. மூன்றே வாரத்தில் பதில் வந்தது. காசநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தேறி வருகிறார், வீட்டுக்குத் தெரிய வேண்டாமென்று அவரே மறைத்திருக்கிறார். அக்கா காகிதத்தை வாங்கி, அவர் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இன்றும் யாராவது கடிதம் எழுதித் தரச் சொன்னால், என் அலங்காரத்தால் கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே அக்கா பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அந்த ஒன்றரை மாதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.