மச்சான் தொட்ட பம்பு

என் அக்கா புருஷன் சேக் மச்சான் கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை. எழுபத்தைந்தில் வியட்நாம் போர் முடிந்த பிறகும் சைகோனை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட காரைக்கால் ஜவுளிக் குடும்பம் அவருடையது. ஜவுளி போனதும் ஸ்பானரைப் பிடித்தார். மின்விசிறியின் முனகலை நிறுத்தப் போய் மின்விசிறியையே நிறுத்தியவர்.

அப்படிப்பட்டவர்தான் நான் லாரி ஓட்டிய தண்ணீர் பாட்டில் கம்பெனியில் மெக்கானிக். அங்கே ஆற்றுத் தண்ணீரைப் பம்பு தள்ளும், மெல்லிய சவ்வு வடிகட்டும். சவ்வில் சேறு அப்பிக்கொண்டால் நிறுத்திக் கழுவ வேண்டும். ஒருமுறை மச்சான் பம்பைப் பிரித்து மாட்டினார். அன்றிலிருந்து அது தட், தட் என்று திக்கித் திக்கித்தான் தண்ணீரைத் தள்ளியது. ஆனால் சவ்வு அடைக்கவே இல்லை! சீராக ஓடும் தண்ணீரில் சேறு நிம்மதியாகப் படிந்துவிடும். துடித்துத் துடித்து ஓடினால் அதைப் படிய விடாமல் உதறிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"என்ன செய்தீர்கள்?" என்று முதலாளியம்மா ஹன் கேட்டார். மச்சானுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் கிடையாது.

"எல்லாம் கைப்பக்குவம்" என்றார்.

அடைக்காத சவ்வை வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடானது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவர்கள் கட்டும் புதிய ஆலைக்கு மச்சான்தான் தலைமை மெக்கானிக். டோங் டு பள்ளிவாசலில் அவரை இஞ்சினியர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மச்சான் பம்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

"விருந்தாளி வர்ற நேரத்துல இப்படியா இருமிக்கிட்டுக் கெடக்கும்?"

"ஓடுறத ஏன் மச்சான் நோண்டுறீங்க?"

"லாரி ஓட்டுறவனுக்கு என்னா தெரியும், போப்பா."

மறுநாள் பம்பு சத்தமே இல்லாமல் ஓடியது. விருந்தாளிகள் சாப்பிட்டு எழுவதற்குள் சவ்வு அடைத்து, குழாயில் தண்ணீர் நூலாக இறங்கி நின்றுபோனது.

"ச்சோய் ஓய், கடவுளே!" முதலாளியம்மா தலையில் கை வைத்தார். "அந்தச் சத்தம் எங்கே?"

"சரிசெய்துவிட்டேன்" என்றார் மச்சான், பெருமையாக.

"சனிக்கிழமைக்குள் பழையபடி கெடுத்து வையுங்கள். முடியாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம்."

மச்சான் திருகாணியைத் தளர்த்தினார், வாஷரைக் கழற்றினார், கடைசியில் எட்டி உதைத்தார். பம்பு அது பாட்டுக்கு வழுவழுவென்று ஓடியது. சிரிக்கத்தான் வந்தேன், அவர் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"இஞ்சினியர் இன்னும் வூட்டுக்கு வரலியே, என்னா ஆச்சு?"

"வாழ்க்கையிலேயே மொதத் தடவையா மச்சான் ஒரு சாமான ஒழுங்கா ரிப்பேர் பண்ணிட்டாரு லாத்தா" என்றேன். "அதான் வேலை போயிடுச்சு."