சாமியறையில் கழற்றிய மூடி

என் மனைவியும் அவளுடைய தம்பியும் ஏழு வருடம் பேசாமலிருந்தார்கள். அவன் அரைகுறையாக வேலை செய்து எங்கள் வீட்டைத் தண்ணீரில் மூழ்கவிட்டான் என்று அவள் நம்பியிருந்தாள். அப்படி நம்பவைத்தவன் நான்.

லண்டனில், லூயிஷாமில் எங்களுடையது வரிசை வீடு. மேல்மாடியில் இரண்டு படுக்கையறைகளும், சமையலறைக்கு நேர்மேலே ஒரு சின்ன அறையும் உண்டு. பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போன பிறகு அந்தச் சின்ன அறையைச் சாமியறை ஆக்க மனைவி ஆசைப்பட்டாள். படங்கள் கிழக்குப் பார்க்க வேண்டுமென்றால் அலுமாரியை மேற்குச் சுவரோடு வைக்க வேண்டும். மேற்குச் சுவரில், சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருந்தது. அதைக் கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

கழற்ற வந்தவன் அவளுடைய தம்பி. ஜெர்மனியில் இருபது வருடம் ஹீட்டிங் வேலை செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு மாறி கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்தான். தாய் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. வளர்த்தவள் என் மனைவிதான். நான் பட்டதாரி. ஊரில் பௌதிகம் படிப்பித்துவிட்டு, இங்கே கவுன்சிலில் மேசை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் பத்தாம் வகுப்போடு நின்றவன். அவனுடைய வேலையை நான் மதித்தேன் என்று சொன்னால் அது பொய்.

ரேடியேட்டரை எடுத்த பிறகு சுவரோரம் குழாய் நுனிகளில் இரண்டு வால்வுகள் மட்டும் எஞ்சின. இரண்டின் வாயிலும் பித்தளை மூடிகளைத் திருகி இறுக்கினான். அவற்றில் ஒரு வால்வு, அறையின் சூட்டுக்கு ஏற்றபடி தானே கூட்டிக் குறைக்கும் வகை. அதைத் தொட்டுக் காட்டிச் சொன்னான்:

“இது பூட்டிக் கிடக்கெண்டு மட்டும் நம்பியிடாதேங்கோ அத்தான். மூடி கட்டாயம் கிடக்கவேணும்.”

எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அலுமாரி வந்தபோது, அது அந்த இரண்டு வால்வுகளுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்தால் அடங்கவில்லை. மூடி இல்லாவிட்டால் அடங்கும். மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் தானே கூட்டிக் குறைக்கும் அந்த வால்வின் தலையைக் கடைசிக் குறிவரை திருகினேன். அங்கே ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தது. பூட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அதன் மூடியைக் கழற்றினேன். அடியில் உள்ளங்கையை நெடுநேரம் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அலுமாரியைத் தள்ளி வைத்தேன். வீடு திரும்பிய மனைவி, அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

வசந்தம், கோடை, இலையுதிர்காலம் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் போயின. தைப்பொங்கலன்று காலை பொங்கிப் படைத்து, சாம்பிராணி போட்டோம். புகை அலாரம் கத்தாமல் இருக்க அவள் அந்த அறையின் ஜன்னலைத் திறந்துவிடுவது வழக்கம். அன்று அதைச் சாத்த மறந்து, இல்ஃபோர்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டோம். வெளியே புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது.

பின்னேரம் திரும்பி வந்தபோது சமையலறையின் சீலிங் தரையில் கிடந்தது. ரேடியேட்டர்களுக்குள் ஓடும் தண்ணீர் கறுப்பு. பல வருடத் துரு அதில் கரைந்திருக்கும். அந்தக் கறுப்பு சுவரெல்லாம் வழிந்து, அரிசி வாளிக்குள்ளும் காலையில் பொங்கிய பானைக்குள்ளும் நின்றது. கூரைக்கடியில் லாஃப்டில் இருக்கும் தொட்டி தானாக நிரம்பிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் நிற்கவும் இல்லை.

மேலே ஏறிப் போனேன். சாமியறை குளிர்ந்துபோயிருந்தது. ஜன்னல் திறந்திருந்ததைக் கண்ட கணமே எனக்கு விளங்கிவிட்டது. அந்த வால்வின் தலைக்குள் மெழுகு போன்ற ஒன்று இருக்கிறது. சூட்டில் அது விரிந்து வழியை அடைக்கும், குளிரில் சுருங்கி வழியை விடும். நட்சத்திரக் குறி பூட்டு அல்ல. அறை உறையும் நிலைக்கு வந்தால் குழாய் வெடிக்காமலிருக்கத் திறந்துகொள் என்ற ஏற்பாடு. பொருள்கள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் என்பதைத்தான் நான் பதினொரு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்.

மனைவி கூப்பிட்டதும் தம்பி வேலையுடுப்போடு ஓடி வந்து தண்ணீரை நிறுத்தினான். அலுமாரியை இழுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். மனைவி வாசலில் ஈரக்காலோடு நின்றாள்.

“தம்பி, ரெண்டு பக்கமும் மூடி போட்டனியே?”

“போட்டனான் அக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “ஒரு பக்கம்தான் கண்ட ஞாபகம்.”

அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். மூடி தானாகக் கழன்று போகாது என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நானே திருத்திச் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு குனிந்து புது மூடி ஒன்றைத் திருகினான். மனைவி அவனைத் திட்டிப் பேசத் தொடங்கினாள்.

“உன்னை இடுப்பிலை தூக்கித் திரிஞ்சனான். அதுக்கு நீ என்ரை வீட்டுக்குச் செய்த வேலை இது.”

ஒரு கிழமை கழித்து சீலிங் போடப் பலகைகளோடு வந்தான். அவள் கதவைத் திறக்காமலே, வேறு ஆள் பிடித்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பினாள். நான் படியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோயிலிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் அவள் தன் மனக்குறையைச் சொன்னாள். எங்கள் ஆட்களின் வாய்ச்சொல்லை நம்பித்தான் அவனுக்கு வேலை வந்தது. சிலர் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டதும் என் காதுக்கு எட்டியது. கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

போன கோடையில் அவனுடைய மகளுக்குக் கலியாணம் நடந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. யாரோ அனுப்பிய படங்களை மனைவி போனில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்:

“பிழை விட்டிட்டன் அக்கா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் தவழ்ந்தெண்டாலும் போயிருப்பன்.”

அப்போதுதான் சொன்னேன். மூடியைக் கழற்றியதையும், அறிந்தே பொய் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப நான் அவனைப் பேசின பேச்சையெல்லாம் என்ன செய்யிறது?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவனுக்குப் போன் அடித்தாள். காது மந்தமானதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அழுதபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“சொன்னனான்தானே அக்கா, ரெண்டு பக்கமும் போட்டனான் எண்டு.”

குரலில் கோபமே இல்லை. அவளுடைய சீனி வியாதியைப் பற்றி விசாரித்தான், முழங்காலைப் பற்றி விசாரித்தான். என்னிடம் போனைக் கொடுக்கும்படி கேட்கவில்லை. ஒரு நாள் வந்து பிள்ளையையும் மாப்பிள்ளையையும் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டாள்.

“வாங்கோ அக்கா. வரமுன்னம் ஒருக்கா அடிச்சுச் சொல்லுங்கோ.”

எங்களுக்குள் கூடப்பிறந்தவர்களிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவளுக்கும் அது விளங்கியது. சரி தம்பி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இது நடந்து எட்டு மாதம். எனக்குத் தேநீர் வைத்துத் தருகிறாள், மருந்துக் குளிசை போட்டாயிற்றா என்று கேட்கிறாள். கோலியர்ஸ் வுட்டுக்கு எப்போது போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் அவனுக்குப் போன் அடிக்கவும் இல்லை.