கொம்பையாவுக்குக் கோழி போடலாமா?

வாடிக்கையாளர் எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் எதிர்க் கடைக்குப் போய்விட முடியாத தொழில் ஒன்று உண்டென்றால், அது எங்கள் தொழில்தான். நான் ஜெயில் வார்டர். அரசாங்கத் தாளில் சிறைக் காவலர் என்று கௌரவமாகப் போட்டிருக்கும். சங்கரன்கோவிலில் 'ஜெயில்காரர் வீடு' என்று எழுதினால்தான் தபால் வந்து சேரும். வேலை மத்திய சிறையில், ஆயுள் கைதிகள் இருக்கும் பிளாக்கில். ஓய்வு நாளில் மட்டும் ஊருக்கு வருவேன், பஸ்ஸில், பெரும்பாலும் நின்றுகொண்டே.

நீங்கள் ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ மின்சார ஆபீசிலோ வேலை பார்ப்பவராக இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். உங்கள் வேலையைப் பற்றி உங்களைத் தவிர ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். என்னிடம் ஊர் கேட்பது ஒரே கேள்விதான்: கொலை பண்ணினவனுக்கு உள்ளே இவ்வளவு சொகுசு எதற்கு? கேட்டுவிட்டு என்னையே முறைத்துப் பார்ப்பார்கள், என்னவோ நான்தான் அவர்களுக்குத் தினமும் கால் பிடித்துவிடுகிறேன் என்பதுபோல.

கோழி

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை. கடைக்கார அண்ணாச்சி பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார், படித்ததும் தீர்ப்பும் அவரே சொல்லிவிடுவார். ஒருநாள் நான் பெஞ்சில் உட்காரவில்லை, அதற்குள், "என்னவே, உள்ள வாரம் தவறாமக் கோழி போடுதீங்களாமே?" என்றார். போடுகிறோம் என்றேன். பொய்யா சொல்ல முடியும்? கடையில் இருந்த அத்தனை பேரும் "அடப்பாவிகளா!" என்றார்கள். ஒருவர், நாட்டுக்கோழியா பிராய்லரா என்றார். இன்னொருவர், குழம்பா வறுவலா என்றார். கோபத்தில் கேட்கிறார்களா பசியில் கேட்கிறார்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் குழம்பின் லட்சணத்தை விளக்கினேன். கோழி அண்டாவுக்குள் இறங்கிக் குளித்துவிட்டு எழுந்து போயிருக்கும், அவ்வளவுதான். துண்டு யாருக்கு விழுந்தது என்பதை, பக்கத்தில் இருப்பவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாசனையை மோந்துகொண்டே நான் வீட்டில் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுகொண்டிருப்பேன். "அவ்வளவு ஆசையா இருந்தா நீரும் வாரும். என்ன, அதுக்கு முன்னால யாரையாவது வெட்டணும்" என்றேன். அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நிஜமாகவே யோசித்தார்.

"வெட்டாம உள்ள வர ஏதும் வழி இருந்தா விசாரிச்சுச் சொல்லும்வே."

டிவி

கோழிக்கு அடுத்தது டிவி. ஆமாம், உண்டு. சாயங்காலம் சீரியல் ஓடும். வெட்டுக் கேசும் குத்துக் கேசும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மருமகள் படும் பாட்டைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் எவனும் ஒரு காட்சியை முழுசாகப் பார்த்தது கிடையாது. நடுவில் நாங்கள் விசில் ஊதிவிடுவோம். நீளமாக ஒரு விசில் கேட்டதென்றால், எங்கே நின்றாலும் அப்படியே இரண்டிரண்டு பேராகக் குத்தவைத்து உட்கார வேண்டும். கை முழங்காலில், தலை கீழே. நான் எண்ணிக்கொண்டே போவேன். கணக்கு நேராகி நான் "எந்திரி" என்று சொன்னால்தான் எழுந்திருக்கலாம். அதுவரை மழை கொட்டினாலும் அசையக் கூடாது. பிறகு உள்ளே தள்ளிப் பூட்டு.

இந்த இடத்தில் கொம்பையாவைச் சொல்ல வேண்டும். கரிவலம்வந்தநல்லூர்க்காரன். கிணற்றுத் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற தகராறில் சொந்தப் பங்காளியை அரிவாளால் வெட்டிவிட்டு ஆயுள் தண்டனைக்கு வந்தவன். வந்து பல வருஷம் ஆயிற்று. அவன் ஒருநாள் சீரியலில், மாமியாருக்குப் பாலில் விஷம் கலந்த மருமகள் ஜாமீனில் வந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு வந்ததே கோபம்! என் பக்கம் திரும்பி, நான்தான் ஜாமீன் கொடுத்த மாதிரி சத்தம் போட்டான்.

"இவளை மாதிரி ஆளுகளை எல்லாம் வெளிய விட்டா நாடு என்னத்துக்கு ஆவும்யா?"

ஜெனரேட்டர்

இந்தக் கேள்வியை வெளியாள் கேட்டால் பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே கேட்டால் எங்கே போவது? கோடையில் ஒருநாள் கரண்ட் போய்விட்டது. விசிறி மட்டையால் விசிறிக்கொண்டே என் மனைவி, "உங்க ஜெயில்ல கரண்ட் போவுமா?" என்றாள். ஜெனரேட்டர் இருக்கிறது, போகாது என்று உளறிவிட்டேன். அவள் விசிறியை நிறுத்தினாள். ஆபத்து என்று புரிந்து, "அட, அவங்களுக்கு அதுதான் தண்டனையே. லைட்டை அணைக்கவே மாட்டோம். கண்ணுமேல துண்டைக் கட்டிக்கிட்டுக் கிடப்பாங்க. கொஞ்சம் இருட்டு கிடைச்சாத் தேவலைன்னு கொம்பையாகூடச் சொல்லுதான்" என்று சமாளித்தேன்.

"அப்போ அவங்களை இங்கன அனுப்பிவிடுங்க. நம்ம வீட்டுல இருட்டுக்குப் பஞ்சமே கிடையாது."

தாழ்ப்பாள்

ஒரு சங்கத்துக்காரர்கள் கைதிகளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டுமென்று வந்தார்கள். மைக், மாலை, போட்டோ எல்லாம் அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள். சங்கத் தலைவர், "உங்களுக்கு என்ன வசதி வேணும்? கூச்சப்படாமக் கேளுங்க" என்றார். ஒருவன் கேரம் போர்டு கேட்டான். ஒருவன் வீட்டுக்குப் போகணும் என்றான். அவனை உட்காரச் சொன்னோம். கொம்பையா எழுந்து, கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றான். தலைவர் திருதிருவென்று என்னைப் பார்த்தார்.

எங்கள் கக்கூஸுக்கு அரைக் கதவுதான், ஐயா. உள்ளே இருப்பவன் தலை வெளியே தெரிய வேண்டும். பாதுகாப்பு! அவன் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் நின்று பார்க்க வேண்டும். இதற்கு எனக்கு மாசச் சம்பளம். இது யாருக்குத் தண்டனை என்று எந்தக் கோர்ட்டும் இன்றுவரை விளக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் கேரம் போர்டு கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. தலைமை வார்டர் ஜெபராஜிடம் போய், "சார், ஒரு தாழ்ப்பாள்தானே, போட்டுக் குடுத்தா என்ன?" என்றேன். அவர் இரக்கக்காரர், கைதிக்குக் காய்ச்சல் என்றால் ஜெபம் பண்ணுகிற ஆள்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டா அதுக்குப் பேரு ஜெயில் இல்லவே, லாட்ஜு."

விசாரணை

கொம்பையா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு திருவேங்கடம், மண்டபம் சங்கரன்கோவிலில். அவன் உள்ளே வரும்போது அந்தப் பிள்ளை பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தது. கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று லீவுக்கு எழுதிப் போட்டான். கைதிக்கு லீவா என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய் விசாரிப்பார். செத்தவர் வீட்டிலும் கேட்பார். அந்த வீட்டில் 'கூடாது' என்று ஒரு வார்த்தை வந்தால், லீவு கிடைப்பது குதிரைக் கொம்புதான்.

செத்தவர் பெண்டாட்டி சண்முகத்தாய். புருஷன் போனபிறகு ஊரைவிட்டு வந்து, எங்கள் ஊரில் விசைத்தறிக்கு வேலைக்குப் போகிறாள். பிள்ளை குட்டி கிடையாது. குடியிருப்பது எங்கே தெரியுமா? என் வீட்டுக்கு எதிர் வீடு. என் ஜாதகம் அப்படி! வெட்டினவனுக்கு அங்கே காவல், வெட்டுப்பட்டவன் பெண்டாட்டி முகத்தில் இங்கே முழிப்பு. கொம்பையா என்னிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. குத்தவைத்து உட்காரும்போது மட்டும் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பான். பாவம், பெற்ற மகள் கல்யாணம், போகட்டுமே என்று தோன்றும். ஓய்வுக்கு ஊருக்கு வந்து, சண்முகத்தாய் ஒற்றை ஆளாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்த்தால், இவனுக்கு லீவு ஒரு கேடா என்று வயிறு எரியும். இரண்டும் நான்தான், என்ன செய்ய?

அலுவலர் வந்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. டீக்கடை அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். "கோழியும் டிவியுமா உள்ள கொழுத்துப்போய்க் கெடக்கான் சார், ஜெயில்காரரே சொன்னாரு" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார். நான் சொன்ன வெறுங்குழம்பு தெரு தாண்டுவதற்குள் முழுக்கோழியாகிவிட்டது. ஆளாளுக்கு விடாதே, விடாதே என்றார்கள். சண்முகத்தாய் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க என்னம்மா சொல்லுதீங்க?" என்றார் அலுவலர்.

"வரட்டும் சார். கொழுத்துப்போய்க் கெடக்கான்னு எல்லாரும் சொல்லுதாங்க, நானும் கண்ணால பாக்கணும்லா."

மாப்பிள்ளை அழைப்பு

லீவு கிடைத்துவிட்டது. கைதி வீட்டு விசேஷத்துக்கு வார்டர் போகக் கூடாது. ஆனால் மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் ஜூஸ் கடை நிழலில் நிற்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. சண்முகத்தாய்தான் கூப்பிட்டாள். "கூட வாங்கண்ணாச்சி. தனியாப் போனா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல" என்றாள். தறியிலிருந்து நேரே வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சுத் தூசி. இவள் மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் என்ன ஆவது?

கொம்பையா மண்டப வாசலில் கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தான். காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் உள்ளே கேசரிக்குக் காவல் இருந்தார்கள். பட்டு வேட்டி, புதுச் சட்டை. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. தினமும் பார்க்கிற எனக்கே அவன் இவ்வளவு இளைத்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சண்முகத்தாய் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவனா?" என்றாள்.

அந்நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்தது. சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கிளீனர் இறங்கி நீளமாக ஒரு விசில் அடித்தான். கொம்பையா குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியோடு, கை முழங்காலில், தலை கீழே. ஜோடிக்கு வருகிறவனுக்குப் பக்கத்தில் இடம் வேறு விட்டிருந்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே தெருவின் இந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கணீரென்று "ஒண்ணு!" என்றது. சாட்சாத் என் குரல்தான்.

மேளம் நின்றுவிட்டது. மணப்பெண் ஓடிவந்து, "அப்பா, எந்திரிங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. எண்ணின குரல் அவனுக்குத் தெரிந்த குரல். கணக்கு முடியாமல் எப்படி எழுந்திருப்பான்? சம்பந்தி வீட்டார் இறங்காமல் பஸ் படியிலேயே நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ குசுகுசுத்தார். பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. நான் வெட்கத்தில் ஜூஸ் கடைக்குள் ஒதுங்கப் பார்த்தேன். யாரோ என் கையைப் பிடித்து உலுக்கினார்கள். பார்த்தால் சண்முகத்தாய்.

"எந்திரிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளை மானம் போவுது."

திரும்பும் வழி

சொன்னேன். எழுந்தான். எழுந்தவன் குரல் வந்த பக்கம் பார்த்தான், என் பக்கத்தில் நின்றவளையும் பார்த்தான். கும்பிடக் கையைத் தூக்கினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். மேளம் மறுபடி ஆரம்பித்தது. வழியில் டீக்கடை அண்ணாச்சி காத்திருந்தார். "பாத்தியா தாயி? கொழுத்துத்தானே இருக்கான்?" என்றார் ஆசையாக. சண்முகத்தாய் நின்றாள். "நான் செத்தாலும் அவனை மன்னிக்கமாட்டேன். ஆனா கோழி என்ன, யானையையே அறுத்துப் போட்டாலும் இனி அவன் உடம்புல ஒட்டாது. அந்தப் பேச்சை விடுங்க" என்றாள். அண்ணாச்சிக்கு ஒரு வருஷத்துப் பேச்சு ஒரே நிமிஷத்தில் போய்விட்டது.

எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தோம். தன் வீட்டுப் படியில் ஏறினவள், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவன் உக்காந்தது சரி அண்ணாச்சி, அவன் கைதி. நீங்க எதுக்கு எண்ணுனீங்க?"

ஆயுள் கைதிக்குக் கோழி போடலாமா, டிவி வைக்கலாமா என்பதை ஊரும் சர்க்காரும் நிதானமாகப் பேசி முடிக்கட்டும். அதற்குள் எனக்கு, கண்டக்டர் நீளமாக விசில் அடித்தால் பஸ்ஸில் இருக்கிற தலைகளை எண்ணாமல் சங்கரன்கோவில் வந்து இறங்குகிற ஒரே ஒரு வசதியை மட்டும் யாராவது சாங்ஷன் செய்து கொடுத்தால் போதும்.