கொக்கின் கண்

ஓய்வுபெற்ற பின், லண்டனில் தோண்டியெடுத்த ரோமானியச் சுவரோவியத் துண்டுகளைப் பொருத்தும் கூடத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். அங்கே காவலாளி யாழ்ப்பாணத்தவர். மை பூசிய மீசை, கோட்டுப் பையை விட்டு வெளியே வராத இடது கை. எங்கள் பைகளைச் சோதிப்பவரை யாரும் சோதிப்பதில்லை என்பது என்னை உறுத்தியது. ஒருநாள் அவர் ஓவிய மேசைமேல் குனிந்து நின்றார்.

“என்ன எடுத்தனீர் காணும்?” என்றேன்.

“எடுக்கேல்லை ஐயா, வைச்சனான். குழி தோண்டேக்கையும் நான்தான் காவல். அப்ப ஒரு துண்டை வீட்டை கொண்டுபோனனான். சொல்லிப்போடாதேங்கோ, வேலை போயிடும்.”

விதிப்படி உடனே அறிவிக்க வேண்டும். ஆனால் அந்தத் துண்டு, ஓவியத்தில் அதுவரை குருடாய்க் கிடந்த ஒரு கொக்குக்குக் கண்ணாகக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

கொக்குக்கு இன்னும் ஒரு கால் இல்லை. அதுவும் அவர் வீட்டில்தான் இருக்கிறதோ என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.