கொசு வண்டி

மழைக்கால ஞாயிறுகளில் தாராவியிலிருந்து நாங்கள் எட்டுப் பேர் கர்ஜத் பக்கம் மலைப்பாதையில் பைக் ஓட்டப் போவோம். விழுந்த வண்டியை விழுந்தவனேதான் தூக்க வேண்டும். எங்கள் குரூப் வழக்கம் அது.

ரோட்டிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டி வாங்கப் போன அன்று அந்த வழக்கம் என் நினைவிலேயே இல்லை. பெருமைக்கு, ஷோரூமிலேயே உயரமான, கனமான வண்டியாகப் பார்த்து வாங்கினேன். தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் காசிமின் ஒல்லி வண்டிக்குக் 'கொசு' என்று பேர் வைத்ததும் நான்தான்.

முதல் ரைடிலேயே சேற்றில் சரிந்தேன். மூன்று முறை மூச்சைப் பிடித்துத் தூக்கியும் வண்டி அசையவில்லை. பின்னால் எல்லோரும் வரும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு முன்னால் வந்த காசிம் என் முகத்தைப் பார்த்தான். இறங்கி, தன் கொசுவை மெதுவாகச் சேற்றில் படுக்க வைத்தான்.

"எலேய், நானும் விழுந்துட்டேம்லா. ரெண்டு பேரு விழுந்தா ஒருத்தனுக்கு ஒருத்தன் தூக்கலாம். வந்து பிடி."

அவன் வண்டிக்கு என் ஒரு கையே போதுமானதாக இருந்தது. என் வண்டிக்கு இருவருக்கும் மூச்சு வாங்கியது.

இப்போது நானும் கொசுதான் வைத்திருக்கிறேன். அந்த ரைடைப் பற்றிப் பேச்சு வந்தால் காசிம் இன்றும் முந்திக்கொள்வான்: "நாந்தாம்ல மொதல்ல விழுந்தேன்."