மீன் எண்ணெய் குடித்த ரம்பம்

போன வாரம் எங்கள் தெருவில் மின்கம்பியின் மேல் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சி மரத்தை வெட்ட இரண்டு பேர் வந்தார்கள். கயிற்றை இழுத்ததும் ரம்ப மிஷின் உறுமியது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி ஓடினேன். ஐம்பதைத் தொடப்போகிறவள் ஓடுகிற ஓட்டமா இது என்று பக்கத்து வீட்டம்மா பிறகு கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? அந்த ஆள் மிஷினைக் கீழே வைத்ததும் குனிந்து மூக்கை நீட்டினேன்.

"இன்னா மேடம், பெட்ரோல் மோந்து பாக்குறீங்க?"

"செயினுக்கு இன்னா எண்ணெய் ஊத்துறீங்க?"

"வேஸ்ட் ஆயிலுதான். ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பினேன். சாம்பார் அடிப்பிடித்திருந்தது. மீன் வாசனை வருகிறதா என்று பார்க்கத்தான் போனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அப்போது நாங்கள் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கோட்டைக்குப்பத்தில் இருந்தோம். எனக்கு இருபது வயது. பிளஸ் டூ முடித்தவள் என்பதால் மகளிர் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அந்த வருஷம் அடித்த புயலில் ஊர்ப் பொதுவில் இருந்த சவுக்குத் தோப்பு மொத்தமும் தரையோடு படுத்துவிட்டது. பஞ்சாயத்துப் பெரியவர்கள் விழுந்த மரங்களை வெளியூர் லாரிக்காரர் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டார்கள். பெண்கள் போய்ச் சத்தம் போட்டோம். கடைசியில், அமாவாசைக்குள் பெண்கள் வெட்டி எடுப்பது பெண்களுக்கு, மிச்சம் லாரிக்கு என்று முடிவானது. கோடாலியோடு போனால் ஆளுக்கு ஒரு கிளை தேறாது என்று ஆண்களுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளம்.

மங்கை அக்காவுக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. படகுத்துறையில் அவளுக்கு நாஸ்தா கடை. மழைக்காலத்துக்கு அடுக்கி வைத்திருந்த விறகை ஏரித் தண்ணீர் அள்ளிக்கொண்டு போயிருந்தது. விறகு இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுண்ணாம்புக்குளத்தில் அண்ணன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். "அண்ணிகாரி கையால சோறு வாங்கித் துன்றதுக்கு ஏரித்தண்ணியே குடிப்பேன்"னு சொல்வாள். சேமிப்புப் பணத்தில் மிஷின் ரம்பம் வாங்கலாம் என்று குழுவில் எழுந்து நின்று சொன்னவளும் அவள்தான்.

பாரிமுனையில் ஒரு சந்துக்குள் இருந்த கடைக்கு நானும் அவளும் போனோம். கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க வரலையாம்மா?"

"மீன் புடிக்கப் போயிருக்காங்க. நீ காட்டுப்பா."

அவர் முதலில் எடுத்து வைத்தது முழங்கையைவிட நீளமான வெட்டுப்பட்டை உள்ள பெரிய மிஷின். மங்கை அக்கா அதைத் தூக்கி, தண்ணீர்க் குடத்தை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் மூன்று சுற்று நடந்தாள். அது மூக்கைத் தரையில் குத்திக்கொண்டே வந்தது. கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அடுத்து நடுத்தரமானது. அதையும் மூன்று சுற்று. பிறகு கைகளை வளைத்து எங்கள் தோப்பு மரத்தின் பருமனைக் காட்டி, "இம்மாந்தானே மரம்? அதுக்கு எதுக்கு அம்மாம் பெரிய நாக்கு? இடுப்புல நிக்கிறத குடு"ன்னாள். கடைக்காரர் கும்பிடாத குறை. நான் இன்றுவரை மிக்சி வாங்கினாலும் முதலில் இடுப்பில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, டச்சுக்காரர் கல்லறைச் சுவர் நிழலில் சாக்குமூட்டையை இறக்கி வைத்தோம். உள்ளே பெரிய பெரிய கல்லில் வரிவரியாக எழுத்து. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எனக்கும் அந்த மொழி தெரியாது, பேர்தான் என்றேன்.

"பேருக்கா இம்மாம் கல்லு? நமக்கு ரேஷன் கார்டுல ஒழுங்கா வந்தா போதும்மே" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் சுவர்மேல் இருந்த காக்கை பறந்துபோனது.

மிஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து எல்லோருக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் வேறு, செயினுக்குத் தனியாக ஊற்றும் எண்ணெய் வேறு. செயினை விரலால் தூக்கினால் கொஞ்சம் எழும்பி, விட்டதும் பட்டென்று போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே பக்கமாக, ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். மணல் பட்டால் பல் போச்சு. எங்கள் ஊரிலோ மணலைத் தவிர வேறு தரையே கிடையாது. அதனால் பழைய கட்டுமரத் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் மரத்தை உருட்டி ஏற்றி அறுத்தோம். முதல் நாள் ஒருத்தி உற்சாகத்தில் கட்டுமரத்தையும் சேர்த்தே அறுத்துவிட்டாள். அவள் மாமனாருடையது அது.

பதினான்கு பெண்கள், ஒரு மிஷின், ஏழு நாள். ஏரியில் வலை போட எங்கள் ஆண்களுக்குச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு வந்த அன்றைக்குக் காற்று மோசமாக அடித்தால் போனது போனதுதான், மாற்று நாள் கிடையாது. நாங்களும் அதே மாதிரி குலுக்கினோம். விடிந்ததிலிருந்து மசூதியில் மத்தியானப் பாங்கு கேட்கும்வரை ஒருத்தி, பிறகு பொழுது சாயும்வரை இன்னொருத்தி. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பாடு என்று மேலே எழுதிக் கோடு போட்டு, கீழே பதினான்கு பேரையும் எழுதினேன். எங்கள் ஊரில் பாடு எழுதிய தாளில் பெண் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. ஆளாளுக்கு வந்து தங்கள் பெயரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் என் பாடு. பாதியில் செயின் எண்ணெய் தீர்ந்துவிட்டது. புத்தகம் படித்த மேதாவி அல்லவா நான்! நைனா படகுக்குப் பூச வைத்திருந்த மீன் எண்ணெயை எடுத்து ஊற்றினேன். அப்பப்பா, வெண்ணெயை அறுப்பது போல அறுத்தது. எண்ணெய் தெறித்து மரம், மணல், என் தலை எல்லாம் நாறியது. ஊர்ப் பூனைகள் அத்தனையும் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் ராணி மாதிரி பூனைகள் புடைசூழ வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் காலை மங்கை அக்காவின் பாடு. இன்ஜின் ஓடியது, செயின் அசையவில்லை. நைனா வந்து பார்த்தார்.

"இன்னாம்மா ஊத்தின?"

சொன்னேன்.

"அது காய்ஞ்சா கோந்து மாதிரி இறுகிடும். அதுக்குத்தானே படகுக்குப் பூசுறோம்? மீன்காரன் பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வெட்டிய கட்டையை எடுத்துக்கொள் என்று அக்காவிடம் கெஞ்சினேன். அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும், "பாடு பாடுதான்மே. அழாத, மிஷின கழட்டு"ன்னாள்.

செயினைக் கழற்றி, மீன் கழுவும் அலுமினிய அன்னக்கூடையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டோம். யார் சொன்னார்களோ, பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்துவிட்டார்கள். செயினை வட்டமாகப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று பேர் தேய்க்கிறோம். "பாட்டி பல்லு மாதிரி ஆடுதுமே", "கடவாப்பல்ல நல்லா தேய்"னு ஒரே கூத்து. வராதவள் செல்வி மட்டும்தான். பிற்பகல் பாடு அவளுடையது. சட்னியில் உப்பு அதிகம் என்று சொல்லி மங்கை அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு வருஷமாகப் பேசாதிருந்தவள். தோப்போரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

செயின் எண்ணெய்க்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் ஊற்றினோம். செயினை மாட்டி முடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. அக்கா ஓடிப்போய்த் தோப்பிலேயே பெரிய மரத்தில், இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற கிழட்டு மரத்தில், பல்லை வைத்தாள். கால்வாசி இறங்கியிருக்காது, பாங்கு கேட்டது.

மங்கை அக்கா மிஷினை அணைத்தாள். அதை மெதுவாகக் கட்டுமரத்தின் மேல் வைத்தாள். "எம் பாடு முடிஞ்சிது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

செல்வி நடந்து வந்தாள். மிஷினைத் தூக்கினாள். அதை அக்காவின் இடுப்பிலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"தண்ணியில வலை எறங்கிட்டா பாடு முடிஞ்சாலும் இழுத்துட்டுத்தான ஏறணும்? மரத்துல பல்லு எறங்கிடுச்சி. அறுத்து முடி."

அது உண்மையான வழக்கம்தான். ஆண்கள் யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாது. ஆனால் அந்த மரம் முடியப் பொழுது சாய்ந்துவிடும் என்று செல்விக்குத் தெரியும். அக்கா அழுதுகொண்டே கயிற்றை இழுத்தாள். நாங்கள் கத்திய கத்தலில் மிஷின் சத்தமே கேட்கவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி அறுத்தாள். நாங்கள் உருட்டினோம், இழுத்தோம், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். பொழுது சாயும்போது ஒரு மழைக்கால விறகு அடுக்கி நின்றது. செல்விக்குக் கிடைத்தது நுனிக்கிளை நாலு. "சட்னில உப்பு கொறச்சா போதும்"னாள்.

மீதி நாளில் எங்கள் எல்லோருக்கும் கிடைத்தது. லாரிக்காரர் வந்து தழையைப் பார்த்துவிட்டுப் போனார். எவ்வளவு தேய்த்தும் மிஷினுக்குள் மீன் எண்ணெய் மிச்சமிருந்து மரத்தில் ஏறியிருக்கிறது; அந்த மழைக்காலம் முழுக்க மங்கை அக்காவின் கடைப் புகையில் மீன் வாசனை. குழம்பு ஊற்றாமலே இட்லியில் மீன் மணக்கிறது என்று படகுக்காரர்கள் இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றார்கள்.

முதல் மழையன்று அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பு பற்றவில்லை. அக்கா அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து, நான் பாடு எழுதிக் கொடுத்த அந்தத் தாளை எடுத்தாள். "எல்லார் பாடும் முடிஞ்சிதே, இனி இன்னாத்துக்கு இது?" என்று சுருட்டி அடுப்பில் வைத்தாள். பக்கென்று பிடித்துக்கொண்டது. நானும் கைகொட்டிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்தது. மிஷினை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. தோப்பு இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல். மங்கை அக்கா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஏரியில் பாடு இன்றும் நடக்கிறது, ஆண்கள் அதை எழுதி வைக்கும் நோட்டில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டச்சுக்காரர் கல்லறை வழியாகத்தான் நடக்க வேண்டும். அவர்கள் பெயர் எல்லாம் கல்லில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் பதினான்கு பேர் பெயரில் அன்றைக்கு ஒரு ஈடு இட்லி வெந்தது.